ஊசியும் ஊதியமும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உடையைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் நூற்பாரையும் நெய்வாரையுமே நினைப்பர். நெய்த துணியை உடுக்கத்தக்க உடையாக்கும் ஊசியைப் பற்றியும், அவ்வூசியை வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்து இயக்கும் கையைப் பற்றியும் நினைப்பார் சிலரே. எனினும், அச்சிறு கருவி எத்துணையோ குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றது. நம் கல்லூரியிற் பயிலும் மாணவருள்ளும், பயின்று சென்று நன்னிலை எய்திய பழைய மாணவருள்ளும், தாயோ தமக்கையோ வீட்டிலிருந்து தைத்தும் பின்னியும் ஈட்டிய பொருளாற் கல்விக் கட்டணம் செலுத்தியவர் பலர் இருப்பர். ஆதலின், இப்பொருளைப் பற்றி இவ்விதழில் ஆராய்வது தகுதியுடையதேயாம்.

வீட்டிலிருந்து தைப்பவளைப் பற்றி வினவினால், 'ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறாள்' என்று அவ்வீட்டார் விடையிறுப்பர். துணி கொண்டுவருபவர், 'சும்மா இருக்கும்போது தைத்துக் கொடுங்கள், அவசரமில்லை' என்பர். தைப்பவளும், தன் தொழில் யாதென்று கேட்டார்க்கு, 'வேலை ஒன்றும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்' என்று சொல்லிவிடுவதுண்டு. இச்சொற்கள் மேலோட்டமாக நோக்குவார்க்குத் தீதற்றனவாகத் தோன்றும். ஆயினும், வீட்டுக் கைப்பணி செய்வார் அடையும் இடர்களுட் பல இச்சொற்களினின்றே கிளைக்கின்றன என்பது எம் துணிபு. ஓய்விற் செய்வது தொழிலாகாது என்பர். தொழிலாகாததற்கு நேரமும் இடமும் ஒதுக்குவார் இல்லை. நேரமும் இடமும் பெறாததற்குக் கூலி பேசுவாரும் இல்லை. வீட்டிற் செய்யும் கைப்பணியும் பணியே என்பதும், அதற்கென நேரமும் இடமும் கணக்கும் உரிய ஊதியமும் வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஓய்வு நேரம் என்பது உண்மையில் உளதா என்பதை முதற்கண் ஆராய்வோம். இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், மக்கள் தம் நாட்பொழுதை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை 2019-ஆம் ஆண்டில் நாடெங்கும் கணக்கெடுத்தது. ஊதியமின்றி வீட்டுவேலை செய்யும் பெண்டிர் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், அவ்வாறு செய்யும் ஆடவர் 97 நிமிடமும் செலவிடுவதாக அக்கணக்குக் காட்டிற்று. 299 நிமிடமாவது ஏறத்தாழ 5 மணி நேரம். குழந்தைகளையும் முதியோரையும் பேணுதற்குச் செல்லும் நேரம் இதனிற் சேராது. அதன்மேற் பள்ளியிலோ அலுவலகத்திலோ வயலிலோ வேலை பார்ப்பவளாயின் மேலும் 8 மணி நேரம் கழியும். போகவர ஆகும் நேரமும், உண்ணும் நேரமும் இவற்றோடு சேருமாயின் எஞ்சுவது யாது? உறங்கும் நேரமே எஞ்சும். ஆகவே, நாம் ஓய்வு என்று கூறுவது அவளுடைய உறக்கத்தினின்று வெட்டியெடுத்த பொழுதேயாம்.

இந்நிலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. புறநானூற்றின் 326-ஆம் பாட்டில், பருத்திப் பணி செய்யும் பெண்ணொருத்தி இரவில் எழுந்து செத்தை முதலியவற்றைப் புடைத்து நீக்குகின்றாள். காட்டுப்பூனைக்கு அஞ்சி அரற்றிய இளங்கோழி, அவள் ஏற்றிய சிறு விளக்கின் ஒளியிற் சேவலைக் கண்டு அச்சம் தணிகின்றது. புலவர் அவ்வூரின் இயல்பைக் கூற வந்தவரே. அப்பெண்ணின் உழைப்பைக் கூற வந்தவரல்லர். ஆயினும், ஊர் உறங்கும் வேளையில் அவள் விழித்திருந்தாள் என்பது அவ்விளக்கால் நமக்குப் புலனாகின்றது. அன்றைய அகல்விளக்கு இன்று மின்விளக்காயிற்று. பஞ்சு புடைத்த இடத்திற் பொறி ஓடுகின்றது. பொழுது மட்டும் மாறவில்லை.

இனி, வீட்டில் நிகழும் கைப்பணியை மூவகையாகப் பகுத்துக் காண்டல் நலம். முதலாவது, அன்பு பற்றிச் செய்வது. பிறக்கவிருக்கும் பேரக் குழந்தைக்குப் பாட்டி பழஞ்சேலையைப் பல மடியாக மடித்து நூலோட்டி விரிப்புத் தைப்பாள். தங்கையின் திருமணத்திற்குத் தமக்கை தலையணையுறையிற் பூவேலை செய்வாள். இவற்றிற்கு விலை இல்லை. விலை பேசுதலும் தகாது. இரண்டாவது, குடும்பத் தேவை பற்றிச் செய்வது. கிழிந்த இடத்தில் ஒட்டுப்போடுதல், அறுந்த பொத்தானைத் தைத்தல், வளர்ந்துவிட்ட சிறுமியின் பாவாடையில் மடிப்பைப் பிரித்து நீளம் விடுதல் முதலியன இவ்வகையின. மூன்றாவது, கூலி பற்றிச் செய்வது. அயலார்க்கு ரவிக்கை தைத்தல், சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுதல், கடைக்காரர் கொடுத்த சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைத்தல், பின்னலாடைகளிற் பிசிறு வெட்டுதல், பாய் முடைதல், ரேந்தை பின்னுதல் முதலியன இதனுள் அடங்கும்.

இம்மூன்றும் ஒரே மூலையில் ஒரே கையால் நிகழ்வதால், காண்போர் இவற்றை ஒன்றாகவே கருதிவிடுகின்றனர். அன்பிற்கு உரிய முறை கூலிக்கும் உரியதாகிவிடுகின்றது. உறவினர் ஒருவர் ஐந்து ரவிக்கைத் துணிகளைக் கொண்டுவந்து, 'நீ நம் வீட்டுப் பெண்தானே' என்று சொல்லிக் கொடுத்துப் போவார். அவர் தம் வீட்டுக் கதவைச் செப்பனிட வந்த தச்சரிடம் அவ்வாறு சொல்லத் துணியார். குடும்பத்தாரும், தம் சட்டைக்குப் பொத்தான் வைப்பதையும், நாளை காலைக்குள் கடைக்குத் தரவேண்டிய இருபது உருப்படிகளையும் ஒரே தட்டில் வைத்து நோக்குவர். முன்னது சிறிது தாழ்க்கலாம். பின்னது தாழ்த்தாற் கூலி போகும் என்பதை அவர் உணர்வதில்லை.

இன்னொரு விந்தையும் இங்கு எண்ணத்தக்கது. கடைத்தெருவில் தையற்பொறியின் முன் அமர்ந்து தோளில் அளவுநாடாவுடன் இருப்பவர் பெரும்பாலும் ஆடவரே. அவரைத் தையற்காரர் என்கிறோம். அவர் சொன்ன கூலியைக் கொடுக்கிறோம். அவர் சொன்ன நாளில் மீண்டும் செல்கிறோம். அதே ஊசி, அதே கத்தரி, அதே திறமை வீட்டினுள் ஒரு பெண்ணின் கையில் இருக்குமாயின் அதனைப் பொழுதுபோக்கு என்கிறோம். செய்பொருளில் வேறுபாடு இல்லை. செய்யும் இடமும் செய்வாரும் வேறாதலே விலை குறைதற்குக் காரணமாயிற்று.

வீட்டுக் கைப்பணி உரிய மதிப்பைப் பெறின் எத்துணை ஆற்றல் உடையதாகும் என்பதற்கு நம் தென்னாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1820-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் நடந்த பெண்கள் பள்ளியில் ரேந்தை பின்னும் தொழிலைக் கற்பித்தார். திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்தொழில் அது. அம்மையாரின் மகளாகிய எலைசா, கால்டுவெல் ஐயரை 1844-இல் மணந்து இடையன்குடிக்குச் சென்றார். அங்கும் அத்தொழில் வேரூன்றிற்று. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ஆம் ஆண்டு வரை நீங்காதிருந்தது. அக்காலத்தில், அடிமைப்பட்ட சிறுமியர் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த பொருளைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றனர் என்று அந்நாட்டு மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. நூலிழையால் விலங்கு அறுந்தது என்று இதனைச் சொல்லலாம். அங்ஙனம் அறுந்ததற்குக் காரணம் நூலின் அழகு மட்டும் அன்று. அப்பின்னலுக்கு விலை உண்டு என்பதும், அவ்விலையிற் பின்னியவளுக்குப் பங்கு உண்டு என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டமையே காரணமாம்.

அவ்வொப்புதல் இல்லாவிடத்து நிகழ்வது யாது? அதற்கும் சான்றுகள் உள. இலண்டன் மாநகரிற் சட்டை தைத்து வயிறு வளர்த்த ஏழைப் பெண்டிரின் துயரைத் தாமஸ் ஹூட் என்னும் புலவர் 1843-இல் ஒரு பாட்டாகப் பாடினார். அது பஞ்ச் என்னும் இதழில் வெளிவந்து இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. அப்பெண்டிர் பலர் வீட்டிலிருந்தே தைத்தவர். உருப்படிக்கு இத்துணை என்று கூலி பெற்றவர். எவ்வளவு நேரம் தைத்தார் என்று எவரும் கேட்டறியாதவர்.

நம் நாட்டிலும் இதனை ஒத்த நிலை ஆராய்ந்து காட்டப்பட்டுள்ளது. ஆந்திர நாட்டு மேலைக் கோதாவரி மாவட்டத்து நரசாபுரத்தில் ரேந்தைத் தொழில் நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவ்வூர்ப் பெண்டிரைப் பற்றி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்டிர் வீட்டுவேலைகளுக்கு இடையே நாள்தோறும் பல மணி நேரம் பின்னினர். அவர் பின்னியவை கடல் கடந்து அயல்நாடுகளுக்குச் சென்றன. ஆயினும் அவர்கள் பெற்ற கூலி மிகச் சிறிது. அவர்கள் தொழிலாளர் அல்லர், ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தும் குடும்பப் பெண்டிரே என்று வணிகர் கருதினமையும், அவ்வாறே பிறரும் கருதினமையும் அக்குறைந்த கூலிக்கு அரணாயின என்று அவர் விளக்கினார். நாகர்கோவிலில் விலங்கை அறுத்த அதே பின்னல், கணக்கும் பேச்சும் இல்லாத இடத்தில் வயிற்றுக்கும் போதாததாயிற்று. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மாணவர் உற்று நோக்குவாராக.

நல்லெண்ணம் மட்டும் இருந்தாற் போதாதோ என்று சிலர் வினவலாம். போதாது என்பதைக் கதர் இயக்கத்தின் வரலாறே காட்டுகின்றது. வீடுதோறும் இராட்டினம் சுழலவேண்டும் என்று விழைந்தவர் காந்தியடிகள். அவருடைய முயற்சியால் 1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றிற்று. நூற்கும் பெண்டிர்க்கு வேறு வேலை இல்லாத வேளையிற் கிடைக்கும் சிறு கூலியும் உதவியே என்பது தொடக்கத்தில் இருந்த எண்ணம். ஆயினும், 1935-இல் அடிகள் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டார். 8 மணி நேரம் திறமையுடன் நூற்பவர்க்கு 8 அணாக் கூலி கிடைக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். சங்கத்தார் அத்துணை உயர்த்த இயலாதாராயினும், நூற்போர்க்குக் குறைந்த அளவு வாழ்க்கைக் கூலியேனும் கிடைத்தல் வேண்டும் என்னும் கொள்கையை அவ்வாண்டில் ஏற்றனர். அதனாற் கதரின் விலை ஏறும் என்பதை அறிந்தே ஏற்றனர். அன்பினாலும் நாட்டுப்பற்றினாலும் தொடங்கிய இயக்கமும், உழைத்த நேரத்தை எண்ணிப் பார்த்த பின்னரே நீதியை அணுகிற்று.

பின்னர் அகமதாபாத்தில் எளா பட் அம்மையார் 1972-இல் சுயதொழில் செய்யும் பெண்கள் சங்கத்தை நிறுவினார். ஆலைக் கழிவுத் துணிகளைக் கொண்டு வீட்டிலிருந்து மெத்தை உறை தைத்த பெண்டிரும் அதில் உறுப்பினராயினர். 1974-இல் 4,000 பெண்டிர் தலைக்கு 10 ரூபாய் பங்கிட்டுத் தமக்கென ஒரு வங்கியையும் தொடங்கினர். 'இவர்களுக்கு முதலாளி யார்? முதலாளி இல்லாதவர்க்குச் சங்கம் ஏது?' என்று கேட்டார்க்கு அப்பெண்டிரின் செயலே விடையாயிற்று. 1996-ஆம் ஆண்டில் உலகத் தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்து கூலிக்குப் பணி செய்வோரையும் ஏனைய தொழிலாளரை ஒப்ப நடத்தல் வேண்டும் என்று 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. அதற்கு ஒப்பமிட்ட நாடுகள் மிகச் சிலவே. நம் மாநிலத்தில் தையல் தொழிலாளர்க்கென நலவாரியம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து தைப்பவர் பலர் தாம் தொழிலாளர் என்று எண்ணாமையாலேயே அதிற் பெயர் பதியாது இருந்துவிடுகின்றனர். சொல் செய்யும் தீமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தையற்பொறி வந்தபின் துயர் நீங்கிவிட்டது என்பாரும் உளர். எலியாஸ் ஹோ 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் தத்தம் பொறிக்கு அமெரிக்காவில் உரிமை பெற்றனர். தவணை முறையில் விலை செலுத்தும் வழக்கத்தால் சிங்கர் பொறி எளியோர் வீடுகளிலும் புகுந்தது. இயந்திரங்களை எளிதில் ஒப்பாத காந்தியடிகளும், 1924-இல், தையற்பொறிக்கு மட்டும் விலக்குக் கொடுத்துப் பாராட்டினார். ஆடவர் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடமும், பொறியால் தைக்க 1 மணி 16 நிமிடமும் ஆகும் என்று அமெரிக்க நிறுவனம் ஒன்று அந்நூற்றாண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. பொறி செய்த உதவியை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மீந்த 13 மணி நேரம் தைப்பவளுக்கு ஓய்வாகக் கிடைத்ததா என்பதே வினா. ஒரு சட்டை தைத்த நாளிற் பல சட்டைகள் தைக்க வேண்டியதாயிற்று. உருப்படிக் கூலியோ அதற்கேற்பக் குறைந்தது. பொறி கையின் வேகத்தைக் கூட்டும். கூலியை நேர்மையாக்குதல் மனிதர் செய்யவேண்டிய வேலை.

ஆகவே, கணக்கு எழுதுதலே முதல் மருந்து என்போம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் காண்போம். ஒருத்தி ரவிக்கை ஒன்றிற்கு 150 ரூபாய் கூலி பெறுகிறாள் என்க. நூல், கொக்கி, மின்சாரம், பொறிக்கு இடும் எண்ணெய், ஊசித் தேய்மானம் ஆகியவற்றிற்கு 20 ரூபாய் போக 130 ரூபாய் எஞ்சும். பொறியின் முன் அமர்ந்த நேரம் 1 மணி. ஆதலின் மணிக்கு 130 ரூபாய் ஈட்டுகிறாள் என்று வீட்டார் மகிழ்வர். ஆனால், அளவு எடுத்த நேரம், துணியை நனைத்து உலர்த்திய நேரம், வெட்டிய நேரம், கொக்கி வைத்து ஓரம் மடித்துக் கையால் தைத்த நேரம், 'சிறிது இறுக்கமாக இருக்கிறது' என்று திரும்பி வந்தபோது பிரித்துத் தைத்த நேரம் ஆகிய அனைத்தையும் கூட்டின் 3 மணிக்குக் குறையாது. அங்ஙனமாயின் மணிக்கு 43 ரூபாயே அவள் ஈட்டியதாகும். எழுதாதவரை முன்னதே உண்மையெனத் தோன்றும். எழுதியபின் பின்னது விளங்கும். விளங்கியபின்னரே, கூலியை உயர்த்துவதா, வேறு வேலை ஏற்பதா, இவ்வளவோடு நிறுத்துவதா என்று தெளிந்து முடிவு செய்ய இயலும்.

இரண்டாவது மருந்து, நேரமும் இடமும் வரையறுத்தல். நாளில் 2 மணி நேரமே கிடைப்பினும் அது குறித்த நேரமாக இருத்தல் வேண்டும். அந்நேரத்தில் அடுப்பையும் குழந்தையையும் வீட்டிலுள்ள ஏனையோர் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். தைத்துக்கொண்டிருப்பவளை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எழுப்பினால், தையலும் கோணும்; சமையலும் கெடும். இடம் சிறிதாயினும் சாளரத்தை ஒட்டியதாயிருத்தல் நன்று. மங்கிய விளக்கில் நாள்தோறும் ஊசிக் காதை நோக்குவார்க்குக் கண்வலியும் தலைவலியும் கழுத்துநோவும் உறுதி. பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்கு மேசையும் விளக்கும் வாங்கித்தரும் குடும்பம், அப்பிள்ளைகளின் கட்டணத்தை ஈட்டும் கைக்கும் ஒரு நல்ல விளக்கு வாங்கித்தரலாகாதோ?

இவ்வாறு எல்லாவற்றையும் நாணய அளவையால் அளக்கத் தொடங்கினால் இல்லத்தில் அன்பு வறளும் என்று கூறுவார் உளர். அவர் கூற்று புறக்கணிக்கத்தக்கதன்று. நாம் முன்னர்க் கூறிய மூவகையுள் முதல்வகை என்றும் விலையின்றியே இருத்தல் வேண்டும். ஆனால், கொடுப்பவள் தானே விரும்பிக் கொடுப்பதே அன்பாகும். பிறர் எதிர்பார்த்து வாங்குவது அன்பாகாது. கூலிப்பணியைக் கூலிப்பணி என்று ஒப்புக்கொண்டால், அன்பிற்கென ஒரு பொழுது எஞ்சும். பகலெல்லாம் குறைந்த கூலிக்குத் தைத்துச் சலித்த கை, தன் குழந்தைக்கு ஒரு பூப்போட்ட சட்டை தைக்க விரும்பினும் இயலாது. ஆதலின், கணக்கு அன்பிற்குப் பகையன்று, அதற்குக் காவலாகும்.

கூலி உயர்ந்தால் வாங்குவார் இரார், ஆயத்த ஆடைகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் வீட்டுத் தையல் அழிந்தொழியும் என்பாரும் உளர். இவர் கூறுவதில் ஒரு பாதி உண்மை உண்டு. ஒரே அளவில் ஆயிரக்கணக்கான உருப்படிகளைத் தைத்துக் குவிக்கும் ஆலையோடு விலையிற் போட்டியிட்டு ஒரு வீட்டுப் பொறி வெல்லுதல் இயலாது. வெல்ல முயல்வதே தவறு. ஆலை செய்யமாட்டாததை வீட்டுக் கை செய்யும். ஒருவர் உடலுக்குப் பொருந்த அளவெடுத்துத் தைத்தல், வாங்கிய ஆடையைச் சுருக்கியும் விரித்தும் திருத்துதல், கிழிந்ததைக் கிழிந்தது தெரியாமற் செப்பனிடுதல் ஆகியன ஆலைக்கு எட்டாதவை.

ஊருக்கே உரிய கைத்திறனும் அவ்வகையினதே. நீலகிரியில் வாழும் தோடர் குலப் பெண்டிர், தடித்த வெள்ளைத் துணியின் மேல், முன்வரைந்த கோடு யாதும் இன்றி, இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமான நூலால் வேலைப்பாடு செய்வர். அவ்வேலைப்பாட்டிற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையை நுண்ணிதாகக் கிழித்து நெய்யும் பாய் பட்டுப்போல் மடியும் தன்மையது; அதன் சிறப்பை அறியாத தமிழர் சிலரே. இவற்றை வாங்குவோர் மலிவை நாடி வருவதில்லை. வேறெங்கும் கிடையாமையை நாடி வருகின்றனர். எனினும், சிறப்புப் பெயர் கிடைத்தவுடன் ஊதியமும் தானே உயர்ந்துவிடும் என்று எண்ணலாகாது. வாங்குவோர் கொடுக்கும் விலையில் எத்துணைப் பங்கு செய்தவர் கையை அடைகின்றது என்பதை ஒவ்வோரிடத்தும் கேட்டறிதல் வேண்டும். நூலையும் துணியையும் பலர் சேர்ந்து மொத்தமாக வாங்குதலும், செய்தவற்றைச் சேர்ந்து விற்றலும் அப்பங்கை உயர்த்தும் வழிகளாம்.

இனி, இவ்விதழைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு சில சொல்ல விரும்புகிறோம். கல்வியின் நடுவே கைத்தொழில் ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1937-இல் வார்தாவிற் கூடிய கல்வி மாநாடு தீர்மானித்தது. அக்கருத்தை நாம் பெரிதும் புகழ்ந்து பேசினோம். பிறகு தையலைச் சிறுமியர்க்கென ஒதுக்கிவிட்டோம். பட்டம் பெறும் இளைஞன் ஒருவன் தன் சட்டைப் பொத்தானைத் தானே தைக்க அறியாதிருத்தல் பெருமையன்று. விடுதியில் வாழ்வோர் ஒவ்வொருவரும் ஊசி, நூல், கத்தரி மூன்றையும் வைத்திருத்தல் நன்று. நூலோட்டுத் தையல், கெட்டித் தையல், ஓரம் மடித்துத் தைத்தல், பொத்தான் வைத்தல் ஆகிய நான்கையும் ஒரு விடுமுறை நாளிற் கற்றுவிடலாம். கற்றவன் இரண்டு பயன் பெறுவான். தன் வேலையைத் தானே செய்துகொள்வான் என்பது ஒன்று. ஒரு முழம் நேராகத் தைக்க எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதைத் தன் விரலால் அறிவான் என்பது மற்றொன்று. அவ்வாறு அறிந்தவன் பிறர் தையற்கூலியில் வாய்ப்பேரம் பேச நாணுவான்.

அடுத்த விடுமுறையில் இல்லம் செல்லும்போது, வீட்டிலிருந்து தைக்கும் தாயோ தமக்கையோ உளராயின், அவரருகில் அமர்ந்து ஒரு கிழமைக்கு அவருடைய கணக்கை எழுதித் தருக. வந்த துணி, சென்ற நேரம், ஆன செலவு, பெற்ற கூலி, பெறாத பாக்கி ஆகிய ஐந்தையும் ஐந்து பத்தியாக எழுதினாற் போதும். வணிகவியல் பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த பயிற்சி இல்லை. அவ்வேட்டைப் படித்துப் பார்த்த பின்னும், 'அம்மா சும்மாதான் இருக்கிறார்கள்' என்று எவனும் சொல்லமாட்டான். தையற்பொறி வாங்க இயலாத வீடாயின், அரசு வழங்கும் இலவசத் தையற்பொறித் திட்டத்தையும், முன்னர்க் கூறிய நலவாரியத்தையும் பற்றிய விண்ணப்பங்களை எழுதித் தருதல் கற்ற பிள்ளையின் கடமையாகும்.

பழைய மாணவராய் நன்னிலையில் உள்ள பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டுக் கைப்பணியாளரிடம் வேலை கொடுப்போர் கூலியை முன்னரே பேசிக்கொள்க. பேசிய நாளில் முழுதும் கொடுக்க. பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்ததை அங்காடித் திறமையாக எண்ணற்க. அப்பத்து ரூபாய் யாரோ ஒருத்தியின் உறக்கத்திற் கால் மணி நேரம் என்பதை மேலே காட்டிய கணக்கால் உணர்க. ஆலைகளையும் கடைகளையும் நடத்துவோர், வெளியே கொடுத்து வாங்கும் வேலைக்கும் உள்ளே நடக்கும் வேலைக்கும் ஒரே நீதி வழங்குக.

ஊசி கிழிந்தவற்றை இணைப்பது. துணியின் இரு விளிம்புகளையும் அருகருகே கொண்டுவந்து, ஒன்றை மற்றொன்று தாங்குமாறு செய்வது. வீட்டுவேலையும் கூலிவேலையும் ஒரே பெண்ணின் தோளில் இரு பக்கமும் இழுக்கும் இந்நாளில், அவ்விரண்டையும் இசைவிக்கும் பொறுப்பை அவள் ஒருத்தியிடமே விட்டுவிடுதல் அறமன்று. வீட்டார் நேரம் கொடுப்பாராக. துணி கொடுப்பார் உரிய கூலி கொடுப்பாராக. கற்றோர் கணக்கெழுதிக் கொடுப்பாராக. இவை கிடைக்குமாயின், வீட்டு மூலையில் நள்ளிரவு வரை எரியும் விளக்கு சற்று முன்னதாக அணையும். அதை எரியவைத்தவளும் ஊரோடு உறங்குவாள்.